தழைச்சத்தின் விலையும் நெல்லின் விளைவும்: காவிரிப் படுகையின் ஒரு நூற்றாண்டு

இரசாயன உரம் பரவலாக வந்து சேர்வதற்கு முன்பு, காவிரிப் படுகையின் நெல் விளைச்சல் ஹெக்டேருக்கு ஏறத்தாழ இரண்டு டன் என்ற அளவை ஒட்டியே நெடுங்காலம் நின்றிருந்தது. அந்த எல்லையை வகுத்தவை உழவரின் உழைப்பும் ஆற்று நீரின் வரத்தும் மட்டுமல்ல. மண்ணிலிருந்து பயிருக்குக் கிடைத்த தழைச்சத்தின் அளவும் அதில் பெரும்பங்கு வகித்தது. வேளாண்மையில் தழைச்சத்து என வழங்கப்படுவது நைட்ரஜன். இலையின் பச்சையத்துக்கும் மணியின் புரதத்துக்கும் அதுவே அடிப்படை. ஒரு டன் நெல் விளைய வேண்டுமானால், மணியும் வைக்கோலுமாகச் சேர்த்துப் பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்தை உறிஞ்சியாக வேண்டும். இரண்டு டன் விளைச்சலுக்கு 30 முதல் 40 கிலோ போதும் என்பதும், ஐந்து டன்னுக்கு 75 முதல் 100 கிலோ வேண்டும் என்பதும் இதிலிருந்து எளிதில் பெறப்படும். முதல் அளவை மண்ணும் நீரும் ஆடுமாடுகளும் தாமாகவே தந்துவந்தன. இரண்டாம் அளவுக்கும் முதல் அளவுக்கும் இடையிலான இடைவெளியை எதைக் கொண்டு, என்ன விலைக்கு நிரப்புவது என்பதே கடந்த நூறாண்டுகளில் தஞ்சை உழவரின் வரவு செலவை நிர்ணயித்த கேள்வியாக இருந்துள்ளது.

அந்த முதல் 30, 40 கிலோவும் உழைப்பின்றி வந்துவிடவில்லை. ஆற்று வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டல், மாட்டுத் தொழுவத்து எரு, ஆற்றங்கரையிலும் வேலியோரத்திலும் வெட்டி வந்து சேற்றில் மிதிக்கப்பட்ட பூவரசு, புங்கம், வேம்பு, எருக்கு ஆகியவற்றின் தழை, தரிசாகக் கிடக்கும் மாதங்களில் விதைத்துப் பூக்கும் முன்பே மடக்கி உழப்பட்ட கொழுஞ்சி, சணப்பு, தக்கைப்பூண்டு எனப் பல வழிகளில் அது சேர்க்கப்பட்டது. கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் அவரைக் குடும்பத்துச் செடிகள். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. நுண்ணுயிரைப் பற்றி எதுவும் அறியாத காலத்திலேயே, அந்தச் செடிகளை உழுத வயலில் அடுத்த நெல் கருத்து வளரும் என்பதை உழவர் கண்டறிந்து வழக்கமாக்கி வைத்திருந்தனர்.

இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது ஆட்டுக்கிடை. இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலிருந்து கீதாரிகள் எனப்படும் மேய்ப்பர்கள் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு, சம்பா அறுவடை முடிந்ததும் தஞ்சைப் பகுதிக்கு வருவர். பகலில் தாள் வயல்களில் மேயும் ஆடுகளை இரவில் ஒரு குறிப்பிட்ட வயலில் பட்டியடைத்து வைப்பர். புழுக்கையும் மூத்திரமும் அங்கேயே விழ, மறுநாள் பட்டி பக்கத்து வயலுக்கு நகரும். இதற்கு நிலத்துக்காரர் நெல்லாகவோ பணமாகவோ கூலி தந்தார். வறண்ட நாட்டின் புல்லிலும் அறுத்த வயலின் தாளிலும் சிதறிக் கிடந்த சத்து ஆட்டின் வயிற்றின் வழியே நஞ்சை நிலத்தில் திரட்டப்பட்டதும், அதற்கு ஒரு விலை இருந்ததும் கவனத்துக்குரியவை. தழைச்சத்தை விலை கொடுத்து வாங்கும் பழக்கம் உரக் கடையோடு தோன்றியதன்று. கிடைக்குக் கொடுத்த நெல், கூடுதலாக விளையும் நெல்லை விடக் குறைவாக இருந்தால்தான் கிடை மறிப்பது பயன் தரும் என்னும் கணக்கு தஞ்சையில் வெகு காலமாகவே புழக்கத்தில் இருந்தது.

ஆயினும் இந்த ஏற்பாட்டுக்கு ஓர் எல்லை இருந்தது. 1889 முதல் 1891 வரை இந்தியாவில் சுற்றி ஆராய்ந்து 1893-ல் அறிக்கை வெளியிட்ட ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், இந்திய உழவரின் திறமையைப் பெரிதும் மதித்தவர். உழவரின் குறை அறிவில் இல்லை, எருவில்தான் என்பது அவருடைய முடிவுகளுள் ஒன்று. விறகு கிடைக்காத ஊர்களில் சாணம் வறட்டியாக எரிந்துபோவதையும், அதனோடு தழைச்சத்து புகையாகி மறைவதையும் அவர் விரிவாக எடுத்துக்காட்டினார். மரம் நட்டு விறகுக்கு வழி செய்தால் சாணம் வயலுக்குத் திரும்பும் என்ற அவருடைய பரிந்துரை பெரிய அளவில் நிறைவேறவில்லை. 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபின் பாசனம் உறுதிப்பட்டது என்றாலும், அணையில் தங்கிய நீரோடு வண்டலில் ஒரு பகுதியும் தங்கிவிட்டது.

சேற்று வயலில் தழைச்சத்து நடந்துகொள்ளும் விதம் புஞ்சை நிலத்திலிருந்து அடியோடு வேறுபட்டது. அதை உலகுக்கு முதலில் உணர்த்திய ஆய்வுகளுள் சில கோயம்புத்தூரில் நடந்தவை என்பது தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத செய்தி. சென்னை மாகாண வேளாண்மைத் துறையின் வேதியியலாளர் டபிள்யூ. எச். ஹாரிசனும் அவருடன் பணியாற்றிய பி. ஏ. சுப்பிரமணிய ஐயரும் 1913 முதல் சில ஆண்டுகள், நெல் வயலின் சேற்றிலிருந்து குமிழியிட்டு வெளிவரும் வாயுக்களைத் திரட்டிப் பகுத்தாய்ந்தனர். மீத்தேனும் நைட்ரஜனும் அவற்றுள் மிகுந்திருப்பதையும், சேற்றின் மேற்பரப்பில் படரும் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்த மெல்லிய படலம் ஆக்சிஜனை உண்டாக்கி வேருக்கு உதவுவதையும் அவர்கள் விளக்கினர். 1939-ல் பி. கே. தே என்ற வங்காள அறிஞர், நெல் வயலின் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று நிறுவினார். எருவே இடாத வயல்கூட ஆண்டுதோறும் ஓரளவு விளைந்துவந்ததற்கான காரணங்களுள் ஒன்று இவ்வாறு தெளிவாயிற்று.

அதே காலத்தில் ஜப்பானில் ஷியோயிரி மட்சுசாபுரோ சேற்றின் இன்னொரு இயல்பை வெளிக்கொணர்ந்தார். தேங்கிய நீருக்கு அடியில் உள்ள சேறு இரு அடுக்குகளாகப் பிரிகிறது: மேலே சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஆக்சிஜன் உள்ள மெல்லிய அடுக்கு, அதன் கீழே ஆக்சிஜன் அற்ற கருஞ்சேறு. மேலே தூவப்பட்ட அம்மோனியா உரம் முதல் அடுக்கில் நைட்ரேட்டாக மாறுகிறது. அந்த நைட்ரேட் கீழே இறங்கியதும் நுண்ணுயிர்கள் அதிலிருந்த ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, நைட்ரஜன் வாயுவாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. இதுதான் நைட்ரேட் சிதைவு. அத்துடன் நண்பகல் வெயிலில் பாசி நிறைந்த வயல் நீர் காரத்தன்மை கொள்ளும்போது, நீரில் கரைந்துள்ள அம்மோனியா ஆவியாகியும் வெளியேறுகிறது. இவ்விரு வழிகளாலும் ஆசிய நெல் வயல்களில் இடப்படும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவே பயிரைச் சேர்கிறது என்பது பின்னாளில் பல நாட்டு ஆய்வுகளிலும் உறுதிப்பட்டது. ஆகவே, பயிருக்கு 40 கிலோ கூடுதலாகச் சேர வேண்டுமானால் உழவர் 120 கிலோ வாங்க நேர்கிறது. உரக் கடையில் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி காற்றுக்குப் போகிறது.

பயிரே உரத்தை ஏற்க மறுத்த இன்னொரு தடையும் இருந்தது. 1912-ல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையமும் 1922-ல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளூர் இரகங்களிலிருந்து தனித் தேர்வு செய்து தந்த நெல் வகைகள் சுவையிலும் மணித் தரத்திலும் சிறந்தவை. கிச்சிலிச் சம்பா என மக்கள் அழைத்த ஜி.ஈ.பி. 24 அவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் அவை உயரமானவை. குறைந்த சத்துள்ள மண்ணில், களையோடு போட்டியிட்டு, ஆழமான நீரில் தலையை மேலே வைத்துக்கொள்ளவும் மாட்டுக்கு வேண்டிய வைக்கோலைத் தரவும் அந்த உயரம் தேவைப்பட்டது. அத்தகைய பயிருக்குத் தழைச்சத்தைக் கூட்டினால் இலையும் தண்டும் நீண்டு, கதிர் முற்றும் தறுவாயில் கனம் தாங்காமல் பயிர் சாய்ந்தது. சாய்ந்த பயிரில் இலைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால் மணி நிரம்பாமல் பதராயிற்று. வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்த கதிர் நீரில் கிடந்து முளைவிட்டது. இத்தகைய இரகங்களுக்கு ஓர் அளவுக்கு மேல் உரமிடுவது விளைச்சலைக் கூட்டாமல் குறைத்ததால், தஞ்சை மிராசுதார்களும் குத்தகையாளர்களும் புதிய உரத்தைத் தயங்கித் தயங்கியே ஏற்றனர். அதைப் பழமைப் பற்று என்று அக்கால அதிகாரிகள் சிலர் கருதியது நியாயமன்று. கையில் இருந்த விதைக்கு அந்தத் தயக்கமே சரியான பொருளாதாரமாக இருந்தது.

உரம் உருவாகும் முறை இதற்கு முன்பே மாறிவிட்டிருந்தது. காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் உயர் அழுத்தத்தில் இணைத்து அம்மோனியா ஆக்கும் வழியை 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்ட, கார்ல் பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்க்க, 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவில் உற்பத்தி தொடங்கியது. தென்னிந்தியாவில் பெரிய அளவிலான இதன் தொடக்கம் எளியதும் வியப்புக்குரியதும் ஆகும். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த சேஷசாயி சகோதரர்களின் முயற்சியாலும் திருவிதாங்கூர் திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆதரவாலும் 1943-ல் ஆலுவாவுக்கு அருகே நிறுவப்பட்ட ஃபாக்ட் நிறுவனம், நிலக்கரியோ எண்ணெயோ அருகில் இல்லாததால், காட்டு விறகை எரிவாயுவாக்கி அதிலிருந்து ஹைட்ரஜனைப் பெற்று, 1947-ல் அம்மோனியம் சல்பேட் உற்பத்தியைத் தொடங்கியது. சாணத்தைக் காக்க விறகு வேண்டும் என்று வோல்க்கர் கூறிய அரை நூற்றாண்டுக்குப்பின், விறகே நேரடியாகத் தழைச்சத்து உரமானது. 1951-ல் சிந்திரியும், 1960-களில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா தயாரித்த ஆலையும், 1971-ல் மணலியும், 1975-ல் தூத்துக்குடி ஸ்பிக் ஆலையும் தொடர்ந்து வந்தன. அம்மோனியம் சல்பேட்டில் தழைச்சத்து 21 விழுக்காட்டை ஒட்டியது. யூரியாவிலோ 46 விழுக்காடு. ஒரே மூட்டையில் இரு மடங்குக்கும் மேல் சத்து இருந்ததால் ஏற்றுக்கூலியும் தூக்குக்கூலியும் குறைந்தன. யூரியா மற்ற தழைச்சத்து உரங்களைப் பின்தள்ளியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

1959-ல் ஃபோர்டு அறக்கட்டளையின் வல்லுநர் குழு இந்தியாவின் உணவு நெருக்கடி குறித்து அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1960-61-ல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தொடங்கப்பட்டது. தண்ணீர் உறுதியாகக் கிடைக்கும் மாவட்டங்களில் விதை, உரம், கடன், பயிற்சி ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கொடுப்பது அதன் கருத்து. தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஏழு மாவட்டங்களில் லூதியானா, அலிகார், மேற்குக் கோதாவரி ஆகியவற்றோடு தஞ்சாவூரும் ஒன்று. கூட்டுறவுச் சங்கங்களின் வழியே உரம் கடனாக வந்தது. கிராம சேவகர்கள் வயலில் செய்முறை விளக்கம் காட்டினர். எனினும் முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் எதிர்பார்த்தபடி உயரவில்லை. உரம் மாறியிருந்ததே தவிர விதை மாறவில்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

விதை மாறியது இரண்டு படிகளில். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் ஆதரவில் 1950-களில் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில், தழைச்சத்தை நன்கு ஏற்கும் ஜப்பானிய இரகங்களை இந்திய இரகங்களோடு கலப்பினம் செய்யும் பெருமுயற்சி நடந்தது. அதன் விதைகளிலிருந்து ஆடுதுறையில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1960-களின் நடுவில் வெளியிடப்பட்டது ஆடுதுறை 27. அதன் பெற்றோருள் ஒன்று ஜப்பானின் நோரின் 10, மற்றொன்று நம் கிச்சிலிச் சம்பாவான ஜி.ஈ.பி. 24. மூன்றரை மாதத்தில் முதிரும் இந்த இரகம் குறுவைப் பருவத்துக்குப் பொருந்தியதால் விரைவில் குறுவை வயல்களின் பெரும்பகுதியைப் பிடித்தது. ஆனால் அது முழுமையான குட்டை இரகமன்று. உரம் மிகுந்தால் சாய்ந்தது. குறுவை அறுவடை மழை தொடங்கும் காலத்தை எட்டும்போது, திடீரென்று பெருகிய ஈர நெல்லை உலர்த்துவதற்குக் களமும் வெயிலும் போதவில்லை. திருவாரூரில் 1967-ல் ஈர நெல்லைக் காக்கும் வழிகளை ஆராயத் தொடங்கப்பட்ட ஆய்வுக்கூடம் பின்னர் நெல் பதன்செய் ஆராய்ச்சி மையமாக வளர்ந்ததற்கு இந்த நெருக்கடியே காரணம். கூடுதல் விளைச்சல் கூடுதல் வருமானமாக மாறுவதற்கு இடையில் ஒரு வெயில் நாள் தேவைப்படுகிறது என்பதைத் தஞ்சை அப்போதே கற்றுக்கொண்டது.

இரண்டாம் படி பிலிப்பைன்சின் லாஸ் பான்யோசில் 1960-ல் நிறுவப்பட்ட பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. பீட்டர் ஜென்னிங்ஸ் இந்தோனேசியாவின் உயரமான பேட்டா இரகத்தையும் தைவானின் குட்டையான டீ-கியோ-வூ-ஜென் இரகத்தையும் கலந்தார். ஹென்றி பீச்செல் அதன் வழித்தோன்றல்களிலிருந்து தேர்ந்தெடுத்தார். 1966 நவம்பரில் அது ஐ.ஆர். 8 என்ற பெயரோடு வெளிவந்தது. எஸ். கே. தே தத்தா நடத்திய உர ஆய்வுகளில், உரம் அநேகமாக இடப்படாத நிலையில் ஏறத்தாழ ஐந்து டன்னும், ஹெக்டேருக்கு 120 கிலோ தழைச்சத்து இட்ட நிலையில் ஒன்பது டன்னுக்கு மேலும் அது தந்தது. குட்டையான, விறைத்த தண்டு சாயவில்லை. நிமிர்ந்த இலைகள் கீழிலைக்கும் ஒளியை விட்டன. பயிரின் மொத்த எடையில் மணியின் பங்கு உயர்ந்து வைக்கோலின் பங்கு குறைந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்து உழவர் ஒருவர் தம் மகனுக்கு ஐ.ஆர். எட்டு என்றே பெயர் வைத்தார் என்ற செய்தி அந்நிலையத்தின் வரலாற்றிலேயே இடம்பெற்றுள்ளது. 1969-ல் வந்த ஐ.ஆர். 20 தஞ்சையின் சம்பாப் பருவத்தில் பரவியது. அதன் பெற்றோருள் ஒன்றான, தமிழ்நாட்டின் திரூர்க்குப்பத்தில் உருவான டி.கே.எம். 6, தண்டுத் துளைப்பானைத் தாங்கும் குணத்தை அதற்கு அளித்தது. ஒரு கிலோ தழைச்சத்து நல்ல நிலையில் 15 முதல் 20 கிலோ நெல்லைக் கூடுதலாகத் தரும் காலம் இவ்வாறு தொடங்கியது.

இந்த ஆதாயம் யாருக்குச் சேர்ந்தது என்பதைத் தவிர்த்துவிட்டுத் தஞ்சையின் உர வரலாற்றை எழுத முடியாது. 1965 ஜனவரி 14 அன்று இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. விளைந்த நெல்லுக்கு அரசே கொள்முதல்காரராக நின்றது. நீரும் நிலமும் கடன் பெறும் தகுதியும் உடையவர்கள் உரத்தை உரிய நாளில் வாங்கி இட்டனர். வாய்மொழிக் குத்தகையில் உழுதவர்களுக்குப் பத்திரம் இல்லாததால் கூட்டுறவுக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. உரச் செலவு அவர்களுடையது, கூடுதல் விளைச்சலில் பெரும்பங்கு நிலத்துக்காரருடையது என்ற நிலையில், ஒரு கிலோ உரம் தரும் ஆதாயம் குத்தகையாளரின் கையில் பாதியாகச் சுருங்கியது. அறுவடையும் நடவும் பெருகியபோது, அந்தப் பெருக்கத்தில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர்கள் நெல் கூலி உயர்வு கேட்டனர். அந்தப் போராட்டச் சூழலில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த 44 பேர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். கணபதியா பிள்ளை ஆணையமும் 1969-ன் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும் அதன்பின் வந்தவை. ஹெக்டேருக்கு இத்தனை டன் என்னும் கணக்கு, பங்கு பிரிக்கப்பட்ட விதத்தைச் சொல்லாது. அந்த மௌனத்துக்குள் 44 உயிர்கள் கிடக்கின்றன.

உரத்தின் இலாபத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: ஒரு கிலோ தழைச்சத்தை வாங்க எத்தனை கிலோ நெல்லை விற்க வேண்டும் என்று பார்ப்பது. எண்ணெய் நெருக்கடியின் விளைவாக 1974 ஜூன் முதல் யூரியாவின் விலை டன்னுக்கு 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதன்படி ஒரு கிலோ தழைச்சத்தின் விலை 4 ரூபாய் 35 காசு. அந்த ஆண்டு நெல்லின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 74 ரூபாய். ஆக, ஒரு கிலோ தழைச்சத்துக்கு ஏறத்தாழ ஆறு கிலோ நெல் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில், கடைசியாக இடும் ஒரு கிலோ தழைச்சத்து ஆறு கிலோவுக்குக் குறைவாக நெல் தந்தால் உழவருக்கு நட்டம். முதல் மூட்டைக்கும் மூன்றாம் மூட்டைக்கும் பலன் ஒன்றல்ல என்பதால், முதலில் இடும் உரம் 20 கிலோ தந்தாலும் பின்னர் இடுவது பத்தாகவும் ஐந்தாகவும் இறங்கும் என்பதால், எங்கே நிறுத்துவது என்ற கணக்கை உழவர் உன்னிப்பாகப் போட வேண்டியிருந்தது.

1977 நவம்பரில் அரசு தக்கவைப்பு விலைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஆலையின் உற்பத்திச் செலவுக்கும் உழவர் கொடுக்கும் விலைக்கும் இடையிலான வேறுபாட்டை மானியமாக அரசே ஆலைக்குத் தந்தது. நெல்லின் விலை ஆண்டுக்காண்டு ஏற, யூரியாவின் விலை ஏறத்தாழ அசையாமல் நின்றது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது, யூரியா மட்டும் கட்டுப்பாட்டுக்குள் வைக்கப்பட்டு அதன் விலை டன்னுக்கு 2,760 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டு நெல் விலை குவிண்டாலுக்கு 270 ரூபாய். ஆறு கிலோ நெல் என்பது இரண்டே கால் கிலோவுக்கும் சற்றே குறைவாக இறங்கிவிட்டது. விளைவு உடனே தெரிந்தது: நாடு முழுவதும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் பயன்பாட்டு விகிதம் ஒரே ஆண்டில் 5.9:2.4:1 என்பதிலிருந்து 9.5:3.2:1 என மாறியது. 2010-ல் வந்த ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியத் திட்டத்திலும் யூரியா சேர்க்கப்படவில்லை. இன்று 45 கிலோ மூட்டை வேப்பெண்ணெய்ப் பூச்சோடு 266 ரூபாய் 50 காசு; அதில் உள்ள தழைச்சத்து 20.7 கிலோ. 2024-25-ன் நெல் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,300 ரூபாய் என்று கொண்டால், ஒரு கிலோ தழைச்சத்துக்கு அரைக் கிலோவைச் சற்றே தாண்டும் நெல் போதும்.

இந்தச் சரிவை உழவருக்குக் கிடைத்த நன்மையாக மட்டும் பார்ப்பது முழுமையான பார்வையன்று. விலை ஆறு கிலோ நெல்லாக இருந்தபோது, வீணாகும் ஒவ்வொரு கைப்பிடி உரமும் உழவருக்கு வலித்தது. அது அரைக் கிலோவாக இறங்கியபின், இன்னொரு மூட்டை போட்டால் என்ன என்ற எண்ணத்தைத் தடுக்க விலையில் எதுவும் மிஞ்சவில்லை. வயல் கருகருவென்று பசுமையாக நின்றால் பயிர் நன்றாக இருக்கிறது என்ற கண்ணளவே முடிவாயிற்று. ஆனால் அந்தக் கரும்பசுமையின் செலவு உரக் கடைக் கணக்கில் வராமல் வேறு கணக்குகளில் வருகிறது. தழைச்சத்து மிகுந்த இலை மென்மையாகவும் சாறு நிறைந்தும் இருப்பதால் புகையான் பூச்சியின் இனப்பெருக்கம் கூடுகிறது. இலைச்சுருட்டுப் புழுவும் குலை நோயும் எளிதில் பற்றுகின்றன. அதற்கென மருந்தும் தெளிப்புக் கூலியும் சேர்கின்றன. அதிகமாக வந்த தூர்களில் பல கதிர் விடாமலே மடிகின்றன. சாம்பல்சத்து இடாமல் தழைச்சத்தை மட்டும் ஏற்றும்போது தண்டு வலுவிழக்கிறது.

இலாபமும் விளைச்சலும் ஒரே பொருளல்ல என்பதற்குத் தஞ்சையிலேயே ஒரு தெளிவான சான்று உண்டு. கட்டாக் கலப்பின முயற்சியின் மலேசியக் கிளையில் பிறந்த மாசூரி இரகம் தமிழ்நாட்டில் பொன்னி என்ற பெயரில் பரவியது. 1986-ல் வெள்ளைப் பொன்னி வெளியிடப்பட்டது. உயரமாக வளரும், உரம் மிகுந்தால் சாயும், குட்டை இரகங்களின் விளைச்சலை எட்டாத பயிர் அது. உரத்தை மையமாகக் கொண்ட கணக்கின்படி அது வழக்கொழிந்திருக்க வேண்டும். ஆனால் சோற்றின் தரத்துக்காகச் சந்தையில் கூடுதல் விலை கிடைத்ததால், குறைந்த தழைச்சத்தோடும் குறைந்த விளைச்சலோடும் அது உழவர்களுக்கு நல்ல வருவாய் தந்தது.

தழைச்சத்தை அளவோடு, வேண்டிய நாளில் இடுவது எப்படி என்பதை ஆராயும் பணியிலும் ஆடுதுறை முன்னின்றது. 1990-களில் லாஸ் பான்யோஸ் நிலையத்தின் நீண்டகால வயல்களில் அதே உரம் இட்டும் விளைச்சல் இறங்கிவந்தது கவலையை எழுப்பியது. அதன்பின் ஆறு ஆசிய நாடுகளில் உழவர் வயல்களிலேயே இடத்துக்கேற்ற ஊட்டச்சத்து மேலாண்மை சோதிக்கப்பட்டது. அதன் இந்தியக் களங்களுள் ஒன்று ஆடுதுறை. மண் எவ்வளவு தரும், பயிர் எவ்வளவு கேட்கும் என்று வயலுக்கு வயல் மதிப்பிட்டு, மூன்று சத்துகளையும் சமன்செய்து, தழைச்சத்தைப் பயிரின் தேவைக்கேற்பப் பிரித்து இடுவது அதன் முறை. 1997 முதல் 1999 வரை 179 பண்ணைகளில் நடந்த அந்த ஆய்வில், இடப்பட்ட தழைச்சத்தில் பயிரைச் சேர்ந்த பங்கு 31 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது. நிகர வருவாய் சராசரியாக 12 விழுக்காடு கூடியது. இந்த ஆதாயம் உரத்தைக் கூட்டியதால் வந்ததன்று. இடும் நாளையும் பங்கையும் மாற்றியதால் வந்தது என்பதே இதில் முதன்மையானது.

அந்த முறையை உழவர் கையில் தரும் கருவிதான் இலை வண்ண அட்டை. ஜப்பானில் தோன்றி லாஸ் பான்யோசின் வழியே பரவிய இந்த அட்டையில் வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை நிறப்பட்டைகள் உள்ளன. முழுதாக விரிந்த இளம் இலையை அதன்மேல் வைத்து, உடல் நிழலில் மறைத்துப் பார்க்க வேண்டும். நிறம் குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கினால் மட்டும் மேலுரம் இடவேண்டும். அந்த எண் மற்ற இரகங்களுக்கு நான்கு எனவும், இயல்பாகவே வெளிறிய இலை கொண்ட வெள்ளைப் பொன்னிக்கு மூன்று எனவும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வரையறுத்தது. யூரியாவோடு ஜிப்சமும் வேப்பம் புண்ணாக்கும் 5:4:1 என்ற விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடும் பரிந்துரையும் இங்கே நெடுங்காலமாக உள்ளது. வேம்பிலுள்ள பொருள்கள் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தணிக்கின்றன. 2015-ல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமாக்கப்பட்டபோது, வயலில் நடந்த கலவை ஆலைக்கு இடம் மாறியது. ஆயினும் காவிரிப் படுகைக்கான பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து என்றே நிற்கிறது. வண்டல் நிறைந்த மண்ணுக்கும் கடலோர மணற்பாங்கான நிலத்துக்கும் அது ஒன்றாகவே வாசிக்கப்படுகிறது.

கூலியாள் கிடைக்காத இன்றைய நிலையில், மிகை உரத்தின் விலையைப் பெரும்பாலான உழவர் உணரும் இடம் அறுவடைக் களம். அறுவடை இயந்திரத்தின் வாடகை மணிக்கணக்கில் பேசப்படுகிறது; நின்ற பயிரை விரைவில் அறுக்கும் இயந்திரம் சாய்ந்த பயிரை அறுக்கக் கூடுதல் நேரம் எடுப்பதோடு, சேற்றில் படிந்த கதிர்களை விட்டும் செல்கிறது. அறுத்த நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும்போது அங்கே ஈரப்பத வரம்பு 17 விழுக்காடு. மழையில் சாய்ந்து கிடந்த நெல் அந்த வரம்பைத் தாண்டுகிறது, நிறமும் மாறுகிறது. வரம்பு தளர்த்தப்படும் வரை சாலையோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்துக் காத்திருக்கும் உழவருக்கு, 266 ரூபாய் மூட்டையின் மீதிச் செலவு அங்கேதான் கணக்கில் ஏறுகிறது.